மறந்துபோன வாசல்கள்

(பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி)

வீடு என்றால் முன்வாசல் ஒன்று, கொல்லைக் கதவு ஒன்று. பெரிய கட்டடம் என்றால் கதவுகள் பலவாகும். மாலை ஆறு மணி அடித்ததும் நம் பள்ளியின் வாட்ச்மேன் தாத்தா சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு புறப்படுவதை, விடுதியில் தங்கும் நாங்கள் நாள்தோறும் காண்கிறோம். முன்வாயில், சிற்றாலயக் கதவு, ஆய்வுக்கூடம், சமையற்கட்டின் பின்கதவு, தோட்டத்துச் சிறு கதவு என்று ஒவ்வொன்றாய்ப் பூட்டி, இழுத்துப் பார்த்த பின்னரே அவர் திரும்புவார். "மொத்தம் எத்தனை கதவு, தாத்தா?" என்று ஒருநாள் கேட்டோம். "இருபத்து மூணு, பாப்பா. கணக்குத் தெரியாமப் பூட்டப் போனா, பூட்டின கதவுதான் கண்ணுல படும்; விட்டுப்போன கதவு படாது" என்றார்.

அச்சொல்லின் ஆழம் எங்களுக்கு அன்று விளங்கவில்லை. இணையத்தில் நம் பள்ளிக்கு எத்தனை வாசல்கள் உள்ளன என்று எண்ணிப் பார்க்கும் நாள் வந்தபோதுதான் விளங்கிற்று.

நடந்தது என்ன?

நாங்கள் ஒன்பதாம் வகுப்பில் இருந்தபோது, 2024 ஆகஸ்டு மாதத்தில் இது நடந்தது. 2018இல் நாம் கொண்டாடிய பவள விழாவின் நிழற்படங்களை எல்லாரும் காண வேண்டும் என்று தனி இணையதளம் ஒன்று தொடங்கி, அதன் முகவரியை விழா மலரின் பின்னட்டையில் அச்சிட்டிருந்தனர். பழைய மாணவியான ஓர் அம்மையார், தாம் மேடையில் பாடிய படத்தைப் பேத்திக்குக் காட்ட விரும்பி, மலரைப் பார்த்து அந்த முகவரியைத் தட்டினார். படம் வரவில்லை, பணம் வைத்துச் சீட்டாட அழைக்கும் விளம்பரம் வந்தது. மேலே முகவரியிலோ நம் பள்ளியின் பெயர் ஓர் எழுத்தும் பிசகாமல் இருந்தது! "சிஸ்டர், நம்ம ஸ்கூல் பேர்ல இதெல்லாமா?" என்று அவர் தொலைபேசியில் கேட்டபோது குரல் தழுதழுத்ததாம்.

பள்ளியின் கணிப்பொறிக்குள் எவரும் நுழையவில்லை. எந்தக் கடவுச்சொல்லும் திருடப்படவில்லை. பின் இது எப்படி நேர்ந்தது? இதை அறிய வேண்டுமானால், இணையத்தில் பெயர்கள் எவ்வாறு அமைகின்றன என்பதை முதலில் அறிய வேண்டும்.

பெயரும் எண்ணும்

இணையத்தில் சேர்ந்த கணிப்பொறிகள் எண்களைக் கொண்டே ஒன்றையொன்று அறிகின்றன. அதனை ஐ.பி. எண் என்பர். இயந்திரம் எண்ணை மறவாது, மனிதர் மறப்பர். ஆகவே எண்ணுக்கு ஒரு பெயர் சூட்டும் வழக்கம் தொடக்கத்திலேயே வந்துவிட்டது.

இணையத்தின் முன்னோடி, அமெரிக்காவில் 1969இல் தோன்றிய 'அர்ப்பாநெட்' என்னும் வலைப்பின்னல் ஆகும். அதில் சேர்ந்த கணிப்பொறிகளின் பெயர்களும் எண்களும் ஒரே பட்டியலில் இருந்தன. கலிபோர்னியாவில் ஸ்டான்போர்டு ஆராய்ச்சி நிறுவனத்தின் தகவல் மையம் அப்பட்டியலைப் பேணி வந்தது. 1970களிலும் 1980களிலும் அம்மையத்தை நடத்தியவர் எலிசபெத் ஃபைன்லர் என்னும் பெண்மணி என்பது, பெண்களாகிய நமக்குப் பெருமை தரும் செய்தி அல்லவா? புதிய கணிப்பொறி ஒன்று சேர வேண்டுமானால் அம்மையத்திடம் தெரிவிக்க வேண்டும். பெயர் பட்டியலில் ஏறும். மற்றவர்கள் அந்தப் பட்டியலைப் பெற்றுக்கொள்வார்கள். "மொத்தம் எத்தனை?" என்று கேட்டால் விடை சொல்ல அன்று ஓர் இடம் இருந்தது.

வலைப்பின்னல் வளர வளர, ஒரே பட்டியலால் தாங்க முடியவில்லை. 1983இல் பால் மொகபெட்ரிஸ் என்னும் அறிஞர் 'டொமைன் நேம் சிஸ்டம்', சுருக்கமாக டி.என்.எஸ்., என்னும் முறையை வகுத்தார். அதன்படி பெயர்களைப் பேணும் பொறுப்புப் பங்கிடப்பட்டது. அவரவர் பெயருக்குக் கீழ் வருவனவற்றை அவரவரே பார்த்துக்கொள்ள வேண்டும். இன்றளவும் இம்முறையே வழங்கி வருகிறது. வேலை எளிதாயிற்று, ஆனால் மொத்தக் கணக்குச் சொல்லும் இடம் இல்லாமற் போயிற்று.

கிளைப்பெயர் என்றால் என்ன?

நாம் கட்டுரை எழுதத் துணைக்கு நாடும் தமிழ் விக்கிப்பீடியாவையே எடுத்துக்கொள்வோம். அதன் முகவரி 'டி.ஏ. டாட் விக்கிப்பீடியா டாட் ஓ.ஆர்.ஜி.' என்பதாகும். இதை வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். வலக்கோடியில் உள்ள ஓ.ஆர்.ஜி. குலப்பெயர் போன்றது. விக்கிப்பீடியா என்பது அதன் கீழ்ப் பதிவு செய்யப்பட்ட பெயர். டி.ஏ. என்பது தமிழுக்கென்று அதிலிருந்து கிளைத்த பெயர். ஆங்கிலத்துக்கு இ.என்., பிரெஞ்சுக்கு எஃப்.ஆர். என மொழிதோறும் ஒரு கிளை உண்டு. இத்தகைய பெயரைச் 'சப்டொமைன்' என்பர். நாம் இதைக் கிளைப்பெயர் என்றே அழைப்போம்.

முதன்மைப் பெயரைக் கட்டணம் செலுத்திப் பதிவு செய்ய வேண்டும். கிளைப்பெயருக்கோ கட்டணமும் இல்லை. எவருடைய அனுமதியும் வேண்டுவதில்லை. கடிதப் போக்குவரத்துக்கு ஒன்று, தேர்வு முடிவுக்கு ஒன்று, விழாவுக்கு ஒன்று, சோதனைக்கு ஒன்று என நினைத்தபோதெல்லாம் உண்டாக்கலாம். உண்டாக்குவது எவ்வளவு எளிதோ, மறப்பதும் அவ்வளவு எளிது.

இங்கே பெற்றோருக்கு ஒரு சிறு குறிப்பு. வங்கியிலிருந்து வந்ததாகச் சொல்லும் செய்தியில் உள்ள முகவரியையும் இவ்வாறே வலமிருந்து படியுங்கள். முகவரியின் தொடக்கத்தில் இரட்டைச் சாய்வுக்கோடு இருந்தால் அதை விட்டுவிட்டு, அதன்பின் வரும் முதல் சாய்வுக்கோட்டுக்கு முன்னால், வலப்புறத்தில் இருக்கும் பெயரே உரிமையாளரின் பெயர். வங்கியின் பெயர் இடப்புறத்தில் எவ்வளவு பளிச்சென்று இருந்தாலும், வலப்புறத்தில் வேறொரு பெயர் இருந்தால் அது வங்கியுடையதன்று. ஆனால் வலப்புறத்துப் பெயர் சரியாக இருந்தும் உள்ளே இருப்பவர் அந்நியராக இருந்தால், கவனமாகப் படிப்பவரும் ஏமாந்து போவார். நம் பழைய மாணவிக்கு நேர்ந்தது அதுவே.

எண்ணிப் பார்ப்பது எப்படி?

ஒரு முதன்மைப் பெயரின் கீழ் எத்தனை கிளைப்பெயர்கள் உள்ளன என்று டி.என்.எஸ். கணிப்பொறியைக் கேட்டால், அது சாதாரணமாகச் சொல்லாது. "இன்ன பெயர் உண்டா?" என்று கேட்டால், உண்டு அல்லது இல்லை என்று மட்டும் சொல்லும். முழுப் பட்டியலையும் தரும் முறை ஒன்று உண்டு. எனினும் அதைப் பாதுகாப்புக் கருதி வெளியாருக்கு மூடிவைப்பதே நல்ல வழக்கம். ஆகவே அறிஞர்கள் வேறு வழிகளைக் கண்டனர்.

முதல் வழி ஊகித்துக் கேட்பது. மக்கள் பெயர் வைக்கும் விதம் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். மெயில், டெஸ்ட், அட்மின், ஓல்ட் போன்ற சொற்களை ஆயிரக்கணக்கில் தொகுத்து வைத்துக்கொண்டு, "இது உண்டா? இது உண்டா?" என்று ஒவ்வொன்றாகக் கேட்கச் செய்வர். மனிதர் கேட்டால் நாள் கணக்கில் ஆகும் வேலையை நிரல் சில நிமிடங்களில் முடித்துவிடும். இதில் ஒரு சிக்கலும் உண்டு. சில இடங்களில் எந்தப் பெயரைக் கேட்டாலும் "உண்டு" என்று பதில் வரும்படி அமைத்திருப்பர். எனவே நல்ல நிரல், யாரும் வைக்க முடியாத பொருளற்ற பெயர் ஒன்றை முதலில் கேட்டுப் பார்க்கும். அதற்கும் "உண்டு" என்று வந்தால், அந்த இடத்துப் பதிலை அப்படியே நம்பலாகாது என்று தெரிந்துகொள்ளும்.

இரண்டாவது வழி, ஏற்கெனவே வெளிவந்துள்ள செய்திகளைத் திரட்டுவது. தேடுபொறிகளிலும் பழைய இணையப் பக்கங்களின் காப்பகங்களிலும் பெயர்கள் சிதறிக் கிடக்கும். அமாஸ், சப்ஃபைண்டர் முதலிய இலவச நிரல்கள் இவ்வாறு பல இடங்களில் தேடி ஒரே பட்டியலாகத் தருகின்றன.

மூன்றாவது வழி, பாதுகாப்புச் சான்றிதழ்களின் பொதுப் பதிவேட்டைப் பார்ப்பது. இப்பதிவேடு தோன்றிய வரலாறு நாம் அறிய வேண்டிய ஒன்று.

பொதுப் பதிவேடு பிறந்த கதை

இணையதளத்தின் முகவரி அருகே பூட்டுப் படம் ஒன்றைப் பலரும் பார்த்திருப்பீர்கள். அத்தளத்தோடு நாம் பேசுவதைப் பிறர் ஒட்டுக்கேட்க முடியாதபடி காப்பதற்கு ஒரு சான்றிதழ் உண்டு. அதை வழங்குவதற்கென்றே நிறுவனங்கள் இருக்கின்றன. நெதர்லாந்து நாட்டின் டிஜிநோட்டார் அவற்றுள் ஒன்றாக இருந்தது. 2011இல் அந்நிறுவனத்தின் கணிப்பொறிகளுக்குள் எவரோ புகுந்து, 500க்கும் மேற்பட்ட பொய்ச் சான்றிதழ்களை உண்டாக்கினர். கூகுளின் பெயரிலும் ஒன்று இருந்தது. அதைக் கொண்டு ஈரான் நாட்டு மக்களின் மின்னஞ்சல்கள் ஒட்டுக்கேட்கப்பட்டன. ஆகஸ்டு மாத இறுதியில் உண்மை வெளிப்பட்டது; செப்டம்பரில் அந்நிறுவனம் திவாலாயிற்று.

தன் பெயரில் யாரோ பொய்ச் சான்றிதழ் வாங்கியிருக்கிறார் என்பதை உரியவர் அறிய அப்போது எளிய வழி இல்லை. கண் கெட்ட பின் சூரிய நமஸ்காரம் செய்து பயன் என்ன? ஆகவே, வழங்கப்படும் சான்றிதழ்களை எவரும் பார்க்கக்கூடிய பொதுப் பதிவேட்டில் எழுத வேண்டும், ஒருமுறை எழுதியதை யாரும் அழிக்க முடியாதிருக்க வேண்டும் என்று ஒரு திட்டம் வகுத்தனர். 2013இல் அத்திட்டம் வெளியாயிற்று. 2018 ஏப்ரல் 30க்குப் பின் வழங்கப்படும் சான்றிதழ்கள் அப்பதிவேடுகளில் ஏறியிருக்க வேண்டும் என்று குரோம் உலாவி விதித்தது.

இதனால் ஒரு விளைவு ஏற்பட்டது. ஒரு கிளைப்பெயருக்கென்று சான்றிதழ் பெற்றால், அந்தப் பெயர் உலகறியப் பதிவாகிவிடும். "இந்தச் சோதனைப் பக்கம் எங்கள் நாலு பேருக்குத்தான் தெரியும்" என்று எண்ணியிருப்பவர் தம்மைத் தாமே ஏமாற்றிக்கொள்கிறார். பெயரை மறைத்து வைப்பது பூட்டு ஆகாது.

ஒருமுறை எண்ணினால் போதுமா?

போதாது. இன்று எண்ணிய கணக்கு அடுத்த வாரம் பழையதாகிவிடும். ஆகவே நிரலை நாள்தோறும் தானாகவே ஓடச் செய்து, நேற்றைய பட்டியலையும் இன்றைய பட்டியலையும் ஒப்பிடச் செய்வர். புதிதாக வந்தது எது, மறைந்தது எது, வேறிடத்தைக் காட்டுவது எது என்று அது எடுத்துச் சொல்லும். காலையில் வகுப்பாசிரியை வருகைப் பதிவேட்டைப் பார்ப்பது போன்றதே இது. வராதவரையும் அறியலாம், பெயர் இல்லாமல் வந்து அமர்ந்திருப்பவரையும் அறியலாம்.

2016இல் ஃபேஸ்புக் நிறுவனம் இவ்வாறு பதிவேடுகளைக் கண்காணித்தபோது, தன் கிளைப்பெயர்கள் சிலவற்றுக்குத் தன் பாதுகாப்புக் குழு அறியாத சான்றிதழ்கள் வழங்கப்பட்டிருப்பதைக் கண்டது. விசாரித்ததில், நிறுவனத்தின் வேறொரு குழுவின் ஒப்புதலோடு ஒப்பந்தக்காரர் வாங்கியவை என்று தெரிந்தது. தீமை ஏதும் நேரவில்லை. எனினும் வலக்கை செய்ததை இடக்கை அறியாத நிலை அத்துணைப் பெரிய நிறுவனத்திலும் உண்டு என்பது புலனாயிற்று. 2019 ஜனவரியில் அமெரிக்க அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பு, டி.என்.எஸ். குறிப்புகளை மாற்றி மோசடி செய்வோர் பெருகியதைக் கண்டு, அரசுத் துறைகளுக்கு அவசர ஆணை ஒன்று பிறப்பித்தது. குறிப்புகள் யாவும் சரியான இடத்தைக் காட்டுகின்றனவா என்று பத்து வேலைநாட்களுக்குள் சரிபார்க்க வேண்டும் என்பதும், சான்றிதழ்ப் பதிவேடுகளைக் கண்காணிக்க வேண்டும் என்பதும் அவ்வாணையில் அடங்கியிருந்தன.

ஆளில்லாத வாசல்

இனி நம் பள்ளிக்கு நேர்ந்ததற்கு வருவோம். ஒரு கிளைப்பெயர், "என்னைத் தேடி வருபவர் இன்ன இடத்துக்குச் செல்க" என்று வேறொரு பெயரைச் சுட்டலாம். கைகாட்டி மரம் வைப்பது போன்றது இது. பவள விழாக் கிளைப்பெயரும் வெளியார் நடத்தும் ஓர் இணைய இடத்தைச் சுட்டிக்கொண்டிருந்தது. விழா முடிந்தது, அந்த இடத்தின் கணக்கும் காலாவதியாயிற்று. கைகாட்டி மட்டும் நின்றது. காலியாய்க் கிடந்த இடத்தை அந்நியர் ஒருவர் தம் பெயரில் எடுத்துக்கொண்டார். நம் கைகாட்டியே வருவோரை அவரிடம் அனுப்பி வைத்தது.

பெரிய நிறுவனங்களும் இதற்கு விலக்கல்ல. மைக்ரோசாப்டின் எம்.எஸ்.என். தளத்தில், மார்த்தா ஸ்டீவர்ட் என்னும் புகழ்பெற்ற இல்லக்கலை எழுத்தாளரின் பெயரில் ஒரு கிளைப்பெயர் இருந்தது. 2001 காலத்துப் பரிசுப்போட்டி ஒன்றுக்கென்று பதிவு செய்த வேறொரு முகவரியை அது சுட்டிற்று. போட்டி முடிந்தபின் அம்முகவரியைக் கைவிட்டனர். சுமார் இருபது ஆண்டுகள் கேட்பாரற்றுக் கிடந்த அதை 2022 செப்டம்பரில் எவரோ பதிவு செய்து, எம்.எஸ்.என். பெயரில் மோசடி மின்னஞ்சல்கள் அனுப்பினர். இவ்வாறு 8,000க்கும் மேற்பட்ட முகவரிகள் அபகரிக்கப்பட்டிருந்ததை 2024 பிப்ரவரியில் கார்டியோ என்னும் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் வெளியிட்டனர்.

திருடனும் காவலனும்

தோழியரே, இதைப் படிக்கும்போது உங்களுக்கு ஓர் ஐயம் எழலாம். இந்த நிரல்கள் திருடனுக்கும் உதவுமே, இவற்றை ஏன் கற்க வேண்டும்? எங்களுக்கும் அந்த ஐயம் எழுந்தது. கணிப்பொறி ஆசிரியையிடம் கேட்டோம். "திருடன் ஏற்கெனவே எண்ணிவிட்டான். வீட்டுக்காரர்தாம் இன்னும் எண்ணவில்லை" என்றார் அவர்.

எனினும் ஒரு வரம்பு உண்டு. தெருவில் நின்று கதவுகளை எண்ணுவது வேறு; தாழ்ப்பாளை ஆட்டிப் பார்ப்பது வேறு; உள்ளே காலெடுத்து வைப்பது முற்றிலும் வேறு. பிறர் கணிப்பொறியில் அனுமதியின்றித் தீய நோக்குடன் புகுவோருக்கு மூன்றாண்டு வரை சிறை, ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்க நம் நாட்டின் 2000ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டம் இடம் தருகிறது. உரியவர் அழைத்தாலோ, இதே திறமை தொண்டாகிறது. 2016இல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை தன் இணையதளங்கள் சிலவற்றைச் சோதிக்க வெளியாரை அழைத்தது. 1,400க்கும் மேற்பட்டோர் பதிவு செய்துகொண்டனர். 138 குறைகள் உண்மையென ஏற்கப்பட்டன. குறை கண்டவர்களுள் பள்ளி மாணவர் ஒருவரும் இருந்தார். பிறர் தளத்தில் குறை ஒன்று தற்செயலாக நம் கண்ணில் பட்டால் அதை உரியவருக்கோ, 2004 முதல் இயங்கிவரும் 'செர்ட்-இன்' என்னும் இந்திய அரசு அமைப்புக்கோ தெரிவிப்பதே முறை.

நாங்கள் எண்ணியபோது

தலைமையாசிரியை அருட்சகோதரியின் எழுத்து அனுமதியைப் பெற்று, கணிப்பொறி ஆசிரியை எங்கள் கண்முன்னே நம் பள்ளியின் பெயருக்கு அந்த நிரலை ஓட்டினார். "மூன்று இருக்கும்" என்று சிஸ்டர் சொல்லியிருந்தார். பட்டியலில் ஒன்பது வந்தன.

பவள விழாக் கைகாட்டியை உடனே நீக்கினார்கள். ஆனால் எங்களைத் திடுக்கிட வைத்தது அதுவன்று. கொரோனாக் காலமான 2021இல், வீட்டிலிருந்தபடியே சேர்க்கை விண்ணப்பம் அனுப்ப ஒரு சோதனைப் பக்கம் செய்திருந்தார்கள். சான்றிதழ்ப் பதிவேட்டில் அதன் பெயர் இருந்தது. திறந்து பார்த்தால், கடவுச்சொல் எதுவும் கேட்காமல், விண்ணப்பித்த சிறுமியரின் பெயர், பிறந்த நாள், பெற்றோரின் தொலைபேசி எண் எல்லாம் வரிசையாக வந்தன. எங்களுள் ஒருத்தி தன் தங்கையின் பெயரை அதில் கண்டாள். அறையில் சற்று நேரம் யாரும் பேசவில்லை. அன்று மாலைக்குள் அப்பக்கம் அகற்றப்பட்டது. அந்தப் பெற்றோர் அனைவருக்கும் நடந்ததை மறைக்காமல் எழுதித் தெரிவிக்க வேண்டும் என்று சிஸ்டர் முடிவு செய்தார். அவ்வாறே கடிதமும் சென்றது.

இதைச் செய்தவர் எவரும் கெட்டவர் அல்லர். நெருக்கடியான காலத்தில் நல்ல எண்ணத்துடன் செய்தவர்களே. செய்ததை எழுதி வைக்கவில்லை. அது ஒன்றே குறை.

நாம் கடைப்பிடிக்க வேண்டியவை

புதிய கிளைப்பெயர் எதையும் பதிவேட்டில் எழுதிய பின்னரே உண்டாக்க வேண்டும். யார் கேட்டது, எதற்காக, எந்நாள் வரை என்பதும் அதில் இருக்க வேண்டும். வெளியிடத்துக் கணக்கை மூடுவதற்கு முன்பே அதைச் சுட்டும் கைகாட்டியை எடுத்துவிட வேண்டும். முறை மாறினால் இடையில் அந்நியர் நுழைய இடம் உண்டாகும். சோதனைப் பக்கமானாலும் கடவுச்சொல் இட வேண்டும். உண்மையான குழந்தைகளின் விவரங்களை அதில் வைக்கலாகாது.

இப்போது பள்ளி நாட்களில் திங்கட்கிழமைதோறும் கணிப்பொறி மன்றத்து மாணவியர் இருவர், ஆசிரியையின் மேற்பார்வையில், அந்த வாரப் பட்டியலைப் பழைய பட்டியலோடு ஒப்பிட்டுக் கோடு போட்ட நோட்டில் எழுதிக் கையெழுத்திடுகிறோம். இன்று நம் பள்ளிக்கு நான்கு கிளைப்பெயர்கள் உள்ளன. நான்கும் எதற்காக என்று எங்களால் சொல்ல முடியும்.

அந்த நோட்டை ஒருநாள் வாட்ச்மேன் தாத்தாவிடம் காட்டி விவரம் சொன்னோம். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பக்கங்களைப் புரட்டினார். "சரிதான். லீவு விட்ட வாரத்துல யாரு பார்த்தது?" என்று கேட்டார்.

காலாண்டு விடுமுறை வாரத்தின் பக்கம் வெறுமையாக இருந்தது. அடுத்த விடுமுறையிலிருந்து அதற்கும் ஆள் குறித்துவிட்டோம்.